லீவு எத்தனை நாள்? எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பா, அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பா என்று முடிவெடுக்க

நேபாளத்தில் ஏதாவது ஒரு பேஸ் கேம்ப் (மலையேறுபவர்களின் அடிவார முகாம்) வரைக்கும் நடந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இரண்டு பெயர்களில்தான். எவரெஸ்ட், இல்லையென்றால் அன்னபூர்ணா. முகாமின் உயரம் முதலாவதில் 5,364 மீட்டர், இரண்டாவதில் 4,130 மீட்டர். இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "என் உடம்பு தாங்குமா?"

அந்தக் கேள்வியால் பெரிதாகப் பயனில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற இளைஞர் எவரெஸ்ட் வழியில் உள்ள டிங்போச்சே கிராமத்தில் வாந்தியெடுத்துக் கீழே இறங்குவதும், அறுபதைத் தாண்டியவர் நிதானமாக நடந்து மேலே போய்ச் சேருவதும் அந்தப் பாதையில் வாடிக்கை. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோய் தசை வலுவைப் பார்த்து வருவதில்லை. எவ்வளவு வேகமாக ஏறினீர்கள், எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதைப் பார்த்து வருகிறது. ஆகவே கேட்க வேண்டியது உடம்பைப் பற்றி அல்ல, நாட்களைப் பற்றி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நாட்கள். நடக்கும் நாட்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்ப வந்து திறக்கும் வரை எண்ண வேண்டும். வானிலை சதி செய்தால் விட்டுக்கொடுக்க இரண்டு நாட்களும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவது, 4,000 மீட்டருக்கு மேல் எத்தனை இரவு தூங்க வேண்டியிருக்கிறது என்பது. பகலில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பிரச்சினை கிளம்புவது தூக்கத்தில், மூச்சு மெதுவாகும்போது.

மூன்றாவது, முடியவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் கீழே வர முடியும். உயர நோய்க்கு உண்மையான மருந்து இறங்குவது ஒன்றுதான். மற்றதெல்லாம் இறங்கும் வரை தாக்குப்பிடிக்க.

இவை தவிர மூட்டு, பணம், காட்சி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காட்சியைக் கடைசியில் சொன்னாலும் பலர் ஏமாறுவது அதில்தான்.

| | எவரெஸ்ட் | அன்னபூர்ணா |
|---|---|---|
| முகாமின் உயரம் | 5,364 மீ. | 4,130 மீ. |
| நடை தொடங்கும் இடம் | லுக்லா, 2,860 மீ. | ஜினு, 1,780 மீ. |
| நடக்கும் நாட்கள் | 11 | 6 அல்லது 7 |
| வீட்டிலிருந்து வீடு வரை | 16–17 நாள் | 10–11 நாள் |
| 4,000 மீட்டருக்கு மேல் இரவுகள் | 5 | 0 அல்லது 1 |
| உச்ச இரவுத் தங்கலிலிருந்து 3,500 மீட்டருக்குக் கீழே வர | இரண்டு நாள் நடை | சுமார் 3 மணி நேரம் |
| முகாமில் காற்றழுத்தம் (கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால்) | ஏறக்குறைய பாதி | 60 சதவீதத்துக்குச் சற்று மேல் |
| படிக்கட்டுகள் | குறைவு | மிக அதிகம் |
| பெரிய அபாயம் | உயர நோய், விமானம் ரத்து | பனிச்சரிவு, அவசரப்பட்டு ஏறுவது |

அட்டவணையில் ஐந்தாவது, ஆறாவது வரிகளை மட்டும் பார்த்து முடிவெடுத்தாலும் தப்பாகாது.

## எவரெஸ்ட் பேஸ் கேம்ப்

நாட்கள். பரவலாக நடக்கும் திட்டம் இது: லுக்லாவில் இறங்கி அன்றே ஃபாக்டிங் (2,610), மறுநாள் நாம்சே பஜார் (3,440), அங்கே ஒரு நாள் கூடுதல், பிறகு டெங்போச்சே (3,860), டிங்போச்சே (4,410), அங்கேயும் ஒரு நாள் கூடுதல், லோபுச்சே (4,940), கோரக் ஷெப் (5,164). கோரக் ஷெப்பில் பையைப் போட்டுவிட்டு அன்று மதியமே பேஸ் கேம்ப் போய்த் திரும்புவார்கள். மறுநாள் விடியலில் காலா பத்தர் என்ற குன்று. இறங்குவது ஃபெரிச்சே, நாம்சே, லுக்லா என்று மூன்று தாவலில் முடிந்துவிடும்.

இதில் வெட்டக்கூடிய நாள் ஒன்றுகூட இல்லை. லீவு போதவில்லை என்று பலர் டிங்போச்சேயின் இரண்டாவது இரவைத்தான் வெட்டுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தூங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. டெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550 மீட்டர், அடுத்து லோபுச்சே இன்னொரு 530 மீட்டர். நடுவில் ஓய்வு இரவு இல்லையென்றால் இரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேல் ஏறியதாகிவிடும். லோபுச்சேயில் தலை பிளக்கும் வலியோடு விழித்துக் கிடப்பவர்களை விசாரித்தால் பாதிக் கதை இதுவாகத்தான் இருக்கும்.

கூடுதல் நாள் என்றால் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதும் அல்ல. டிங்போச்சேக்கு மேலே நாங்கர்ட்ஷாங் முகட்டில் முந்நூறு நானூறு மீட்டர் ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்கி வந்து தூங்க வேண்டும். நாம்சேயில் அதே வேலைக்கு 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போய்வருவார்கள்.

லுக்லா என்ற இடுக்கு. டென்சிங்–ஹிலாரி விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர்தான். அதுவும் ஏறக்குறைய 12 சதவீதச் சரிவு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும், ஆகவே மேகம் வந்தால் விமானம் கிடையாது. பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே பறந்து முடிப்பது மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் ஏறிவிடுவதால்தான். நெரிசல் மாதங்களில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. சுமார் 130 கி.மீ. தள்ளி ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து புறப்படுகின்றன. அதற்கு நள்ளிரவு ஒன்று இரண்டு மணிக்கு ஜீப்பில் ஏறி, வளைவுச் சாலையில் நான்கைந்து மணி நேரம் போக வேண்டும். டிக்கெட் போடும்போது எந்த நிலையம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தச் சாமான் 15 கிலோதான். போர்ட்டர் தூக்குவார் என்று 20 கிலோ கட்டிக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிரிக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் நாளில் விமானம் ரத்தானால், அன்றைய பயணிகள் மறுநாள் பயணிகளுக்குப் பின்னால் வரிசையில் போடப்படுவார்கள். மறுநாளுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. இதைப் புரிந்துகொள்ளாமல் "அடுத்த விமானத்தில் போய்விடலாம்" என்று நினைப்பவர்கள்தான் காட்மாண்டுவிலிருந்து கிளம்பும் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். மேகம் சற்று விலகினாலே ஹெலிகாப்டர் பறந்துவிடும், ஆனால் பகிர்ந்து போகும் ஒரு இருக்கைக்குச் சுமார் 400 முதல் 600 டாலர் கேட்பார்கள், கூட்டம் சேர்ந்தால் இன்னும் ஏறும். இரண்டு உபரி நாட்கள் இல்லாத திட்டம் இந்த 500 டாலரை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட திட்டம்.

இறங்கும் வழி. கோரக் ஷெப்பில் நள்ளிரவு மூச்சு முட்டினால், அரை நாள் நடந்து ஃபெரிச்சே வந்தாலும் இன்னும் 4,200 மீட்டருக்கு மேல்தான் இருப்பீர்கள். ஃபெரிச்சேயில் 1973 முதல் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையம் பருவகாலங்களில் இயங்குகிறது. மதிய நேரத்தில் அங்கே உயர நோய் பற்றிப் பேசுவார்கள். ஏறும்போதே டிங்போச்சேக்குப் பதில் ஃபெரிச்சேயில் தங்கினால் அதைக் கேட்கலாம். ஆனால் காற்று அதிகம், வெயில் சீக்கிரம் மறையும்.

காட்சி. பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. நுப்ட்சேயும் எவரெஸ்ட்டின் மேற்குத் தோளும் மறைத்துவிடும். பனியாறு உடைந்து சரியும் கும்பு பனிவீழ்ச்சி மட்டும் எதிரே விரிந்து கிடக்கும். மஞ்சள் கூடாரங்கள் நிறைந்த படத்தைப் பார்த்துவிட்டு அக்டோபரில் போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது கல்லும், பெயர் எழுதிய பாறையும், வரிசையில் நின்று எடுக்கும் போட்டோவும்தான். கூடாரங்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஏறுபவர்கள் இருக்கும்போது மட்டும். 8,848.86 மீட்டர் உச்சியை நேராகப் பார்க்க வேண்டுமானால் காலா பத்தர் ஏறியாக வேண்டும். அது 5,500 மீட்டருக்கு மேல். விடியலில், காற்றோடு பூஜ்யத்துக்குக் கீழே பத்து பதினைந்து டிகிரியில். உடம்பில் ஒரே ஒரு ஏற்றத்துக்கு மட்டும் சக்தி மிச்சமிருந்தால் பேஸ் கேம்ப்பை விட்டுவிட்டு காலா பத்தர் ஏறுங்கள். பெயருக்காக வந்தவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

## அன்னபூர்ணா பேஸ் கேம்ப்

நாட்கள். பொக்கரா நகரத்திலிருந்து ஜீப் ஜினு கிராமம் வரை இப்போது போகிறது. 287 மீட்டர் நீளத் தொங்குபாலத்தைக் கடந்து அன்றே சோம்ரோங் (2,170). மறுநாள் பேம்பூ அல்லது தோபன் (2,600 வரை). மூன்றாம் நாள் தேவுராலி (3,230). நான்காம் நாள் மச்சபுச்ரே பேஸ் கேம்ப் (3,700). ஐந்தாம் நாள் விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் 4,130. ஆறாம் ஏழாம் நாட்கள் இறக்கம். விமானம் என்ற கண்ணி இதில் இல்லை. காட்மாண்டு–பொக்கரா சாலை 200 கி.மீ. மட்டுமே என்றாலும், மழையும் சாலை வேலையும் சேர்ந்தால் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். விமானத்தில் அரை மணி நேரத்துக்குள்.

எளிது என்ற பேச்சில் ஒளிந்திருக்கும் பொறி. "அன்னபூர்ணா ஈஸி" என்று சொல்லியே நான்காம் நாளில் தேவுராலியிலிருந்து நேராக 4,130-க்கு ஏறிப் படுக்கவைக்கும் திட்டங்கள்தான் சந்தையில் அதிகம். ஒரே நாளில் தூங்கும் உயரம் 900 மீட்டர் கூடுகிறது. எவரெஸ்ட் பாதையில் 3,000 மீட்டருக்கு மேல் எந்தக் கைடும் ஒப்புக்கொள்ளாத தாவல் இது. இங்கே மட்டும் எப்படி நடக்கிறது என்றால், மறுநாளே எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள், ஓர் இரவுத் தலைவலியோடு தப்பித்துவிடுகிறார்கள். எல்லோரும் தப்புவதில்லை. நான்காம் இரவை மச்சபுச்ரே பேஸ் கேம்ப்பில் கழித்தால் தாவல் 470 மீட்டராகிவிடும், ஒரு நாள்கூடக் கூடாது. ஐந்தாம் நாள் சூரியோதயம் பார்த்துவிட்டு அன்றே பேம்பூ வரை இறங்கிவிடலாம்.

மூட்டு. எவரெஸ்ட் பாதை நெடுக மேடும் பள்ளமுமாக மண் பாதை. நாம்சேக்கு முந்தைய ஏற்றத்தையும் டெங்போச்சே ஏற்றத்தையும் விட்டால் சாய்வு மிதம். அன்னபூர்ணாவில் கல் படிக்கட்டு. சோம்ரோங்கிலிருந்து ஆற்றுக்கு இறங்கி மறுபக்கம் சினுவாவுக்கு ஏறுவது மட்டும் ஆயிரக்கணக்கான படிகள், அதுவும் ஒரே அளவில்லாத படிகள். திரும்பி வரும்போது களைத்த காலோடு அதே படிகளை மறுபடி ஏற வேண்டும். பழைய மூட்டுவலிக்காரர்களுக்கு உயரம் குறைந்த அன்னபூர்ணாதான் கடினம். இரண்டு கைத்தடிகள் இல்லாமல் போகக் கூடாது, இறங்கும்போது தடியை ஐந்து செ.மீ. நீட்டிக்கொண்டால் சுமை கைக்கு மாறும்.

பனிச்சரிவு. ஹிங்கு குகைக்கும் மச்சபுச்ரே பேஸ் கேம்ப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு இடுங்கியது. மேலே ஹியுன்சுலி மலையின் சரிவுகளில் சேரும் பனி பாதையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. 2020 ஜனவரியில் தேவுராலி அருகே சரிந்து தென்கொரியர் நால்வரும் நேபாளிகள் மூவரும் இறந்தார்கள். கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு ஓரிரு நாள் தேவுராலியிலேயே காத்திருப்பது, பிறகும் வெயில் ஏறுமுன் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது, ஆற்றின் மறுகரைவழி மாற்றுப் பாதை திறந்திருந்தால் அதைப் பிடிப்பது: மார்ச், ஏப்ரலில் இதற்காக ஓர் உபரி நாள் வேண்டும்.

இறங்கும் வழி. மேலே தலைவலி முற்றினால் மூன்று மணி நேரத்தில் தேவுராலி. 900 மீட்டர் இறங்கியாகிவிட்டது. பெரும்பாலோருக்கு அதுவே போதும். முதன்முறை உயரத்துக்குப் போகிறவருக்கு அன்னபூர்ணாவைச் சொல்வதற்கு எங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

காட்சி. சுற்றிவர மலைச்சுவர்கள். அன்னபூர்ணா தெற்கு (7,219), ஹியுன்சுலி, பின்னால் திரும்பினால் மச்சபுச்ரே (6,993), எதிரே முதன்முதலாக 1950 ஜூன் 3 அன்று மனிதர் கால் வைத்த எட்டாயிர மீட்டர் மலையான அன்னபூர்ணா ஒன்று (8,091). எவரெஸ்ட்டில் போல இன்னொரு குன்றில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. லாட்ஜ் வாசலிலேயே எல்லாம். ஒரே நிபந்தனை, காலை ஒன்பது மணிக்குள். அதற்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடும். மதியம் போய்ச் சேர்ந்து மதியமே திரும்புகிறவர்கள் வெள்ளைப் புகையைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

## ஏஜென்சி பட்டியலில் வராத செலவுகள்

நுழைவு அனுமதியில் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குச் சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) சலுகை உண்டு. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. எவரெஸ்ட் பாதை செல்லும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு 1,500, மற்றவருக்கு 3,000, வரி தனியாக இருக்கலாம். எவரெஸ்ட் பக்கம் இதோடு உள்ளூர் கிராமிய நகராட்சியின் கட்டணமும் சேரும், லுக்லாவிலேயே கட்டலாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழருக்கு முழுக் கட்டணம்தான், விசாவும் வேண்டும். இந்தியருக்கு விசா கிடையாது, ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்க வேண்டும். ஆதாரை நம்பி விமான நிலையம் போகாதீர்கள். நேபாள உள்நாட்டு விமானங்களில் இந்தியருக்குத் தனிக் கட்டணம் உண்டு, வெளிநாட்டவர் கட்டணத்தைவிடக் குறைவு. வெளிநாட்டு இணையதளத்தில் டிக்கெட் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

கைடுக்கு நாளுக்கு 25–35 டாலர், போர்ட்டருக்கு 20–25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்பளிப்பு தனி. 2023 ஏப்ரலிலிருந்து கைடு கட்டாயம் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. எவரெஸ்ட் பாதை இருக்கும் கும்பு பகுதியின் உள்ளாட்சி அதை ஏற்கவில்லை. அன்னபூர்ணாவில் கைடு இல்லாமல் போவதைத் திட்டமாக வைக்காதீர்கள். போர்ட்டர் ஒருவர் இரண்டு பேர் சுமையைத் தூக்குவார், அதுவே 20–25 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

லாட்ஜ் அறை வாடகை மலிவு. ஏனென்றால் சாப்பாடு அங்கேயே என்பது பேச்சில்லாத ஒப்பந்தம். வெளியே சாப்பிட்டால் வாடகை இரட்டிப்பாகும். கணக்கு உடைவது சில்லறையில்: வெந்நீர்க் குளியல், மொபைல் சார்ஜ், வைஃபை, குடிக்கச் சுடுதண்ணீர். உயரம் கூடக் கூட எல்லாம் விலை ஏறும், கோரக் ஷெப்பில் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். சாப்பாட்டையும் சேர்த்து எவரெஸ்ட்டின் மேல்பகுதியில் நாளுக்கு 4,000–5,000 நேபாள ரூபாய், அன்னபூர்ணாவில் 3,000–3,500 என்று தோராயமாக ஒதுக்கலாம். இந்திய ரூபாய் ஒன்றுக்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். எவரெஸ்ட் வழியில் கடைசியாக நம்பத்தக்க ஏடிஎம் நாம்சே, அன்னபூர்ணா வழியில் பொக்கரா. அதற்குமேல் ரொக்கம்தான்.

காப்பீட்டில் ஏமாற்றம் பெரிது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலைநடை விலக்கு. "6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட" என்ற வாசகம் பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். அன்னபூர்ணாவுக்கு 4,500 போதும், விலையும் குறையும். ஹெலிகாப்டர் கூப்பிடுமுன் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரில் ஏற்றிக் கமிஷன் பார்க்கும் மோசடி நேபாளத்தில் பலமுறை அம்பலமானது. நடக்க முடிகிற ஆளுக்கு முதல் சிகிச்சை நடந்து இறங்குவதுதான்.

## சாப்பாடு, தண்ணீர், மருந்து

சைவர்களுக்கு இரண்டு பாதையும் வசதி. அன்னபூர்ணாவில் சினுவாவுக்கு மேல் மாமிசம் கொண்டுபோகவோ சமைக்கவோ உள்ளூர் வழக்கப்படி அனுமதியில்லை. கும்புவில் உயிர்க்கொலை இல்லை, ஆகவே கிடைக்கும் இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து வந்தது. அசைவர்களும் நாம்சேக்கு மேல் தொடாமல் இருப்பது வயிற்றுக்கு நல்லது. தால் பாத் கேட்டால் சோறும் பருப்பும் மறுபடி மறுபடி போடுவார்கள். சாம்பாரை நினைத்து ஏங்குகிறவர்கள் ஊறுகாயும் பருப்புப்பொடியும் நூறு கிராம் எடுத்துப்போனால் பசி மந்தமான நாட்களில் கைகொடுக்கும்.

தண்ணீருக்கு வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ. குழாய்வகை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டால் அரை மணி நேரம், தண்ணீர் சில்லென்றிருந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

உயர நோய்த் தடுப்பு மாத்திரையான டயமாக்ஸ் 125 மி.கி. காலை, இரவு என்பது வழக்கமான தடுப்பளவு. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரமரப்பும் அடிக்கடி சிறுநீரும் அந்த மருந்தின் இயல்பு. இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், உறைந்த இன்சுலின் பயன்படாது. குளிரில் சர்க்கரைமானி தப்புக் கணக்குக் காட்டும், சூடாக்கிவிட்டுப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படியே. எண்ணைவிட அறிகுறியை நம்புங்கள். தலைவலி இருக்கும்போது மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு கோட்டில் குதிகாலோடு நுனிக்கால் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, அது நடு ராத்திரியானாலும் இறங்க வேண்டும்.

## எந்த மாதம்

இரண்டுக்கும் அக்டோபர்–நவம்பர், மார்ச்–மே. மழைக்காலத்தில் அன்னபூர்ணாவை மறந்துவிடுங்கள். அடிவாரத்து லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை, பாதையெங்கும் அட்டை.

நம்மூர்க்காரர்கள் மட்டும் சற்று உஷாராகக் கவனிக்க வேண்டியது வங்கக்கடல் புயல். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத், இரண்டு நாளில் வடக்கே போய் அன்னபூர்ணா–தௌலகிரி பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. தோரங் லா கணவாய்ப் பக்கம் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபரில் ஆந்திர, ஒடிசாக் கரைக்கு ஒரு புயல் போகிறது என்று செய்தி வந்தால், மலையில் எவ்வளவு நீல வானமாக இருந்தாலும் இருக்கும் லாட்ஜிலேயே நில்லுங்கள்.

## யாருக்கு எது

பத்து பன்னிரண்டு நாள் லீவு என்றால் விவாதமே வேண்டாம், அன்னபூர்ணா. பன்னிரண்டு நாளில் எவரெஸ்ட் முடித்துத் தருகிறேன் என்கிற ஏஜென்சி, டிங்போச்சேயின் ஓய்வு இரவையோ லுக்லாவின் உபரி நாளையோ விற்கிறது.

வீட்டிலிருந்து வீடு வரை பதினேழு நாள், ஏற்கெனவே 3,500 மீட்டருக்கு மேல் ஓரிரவாவது தூங்கிப் பார்த்த அனுபவம், மூட்டில் வலி: எவரெஸ்ட். முதன்முறையாகப் போகிறவரும் எவரெஸ்ட் போகலாம், நாட்களில் கஞ்சத்தனம் இல்லாவிட்டால். வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூச்சு வாங்காமல் ஏறினேன் என்பது காலுக்கு நல்ல சான்றிதழ்தான், நுரையீரலுக்கு அல்ல. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லுக்லா விமான நிலையம் அதைவிட உயரம். இங்கே பயிற்சி எடுப்பது காலுக்கும் முதுகுக்கும் மட்டும்: மூன்று மாதம், வாரம் நான்கு நாள், ஏழு கிலோ பையோடு படிக்கட்டு ஏறி இறங்குவது. அன்னபூர்ணா போகிறவர்கள் இறங்குவதில் அதிக நேரம் செலவழிக்கட்டும்.

பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு குடும்பமாகப் போகிறவர்களுக்கு அன்னபூர்ணா. குழந்தைக்குத் தலைவலியா, சோர்வா, வெறும் அடமா என்று சொல்லத் தெரியாத நேரத்தில், மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட முடிகிற பாதைதான் வேண்டும். பணம் நெருக்கடி என்றாலும் அதுவே. விமானமே வேண்டாம் என்பவர்கள் ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர் போய், சுனவுலி எல்லையைத் தாண்டி, பஸ்ஸில் பொக்கரா சேரலாம். போக மூன்று நாள், வர மூன்று நாள் கூடும்.

எவரெஸ்ட்டை விட முடியாது, லுக்லா விமானமும் பயம் என்றால் சாலை வழி உண்டு. காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில் சல்லேரி, அங்கிருந்து இன்னொரு ஜீப்பில் லுக்லாவுக்குக் கீழுள்ள கிராமங்கள் வரை. இரண்டு நாள் போக, இரண்டு நாள் வர. குலுக்கல் அதிகம், ஆனால் மேகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மழையில் அந்தச் சாலை சேறாகிவிடும்.

## எவரெஸ்ட் பார்க்க வேண்டும், பேஸ் கேம்ப் முக்கியமில்லை என்றால்

அப்படியானால் நாம்சேயைத் தாண்டியதும் இடப்பக்கம் கோக்யோ பள்ளத்தாக்குக்குத் திரும்புங்கள். அதே அனுமதி, அதே லுக்லா, ஏறக்குறைய அதே நாட்கள். கோக்யோ கிராமம் 4,790 மீட்டர், மேலே கோக்யோ ரி 5,357. அங்கிருந்து எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு நான்கும் தெரியும், கீழே ஏரிகள், பக்கத்தில் நேபாளத்தின் மிக நீளமான நோசும்பா பனியாறு. கூட்டம் பாதிகூட இல்லை. மிக உயரமான இரவும் 5,164-க்குப் பதில் 4,790-தான். இதன் சிக்கல், தொடக்கத்தில் தோலே, மச்செர்மோ என்று ஊர்கள் அருகருகே இருப்பதால் கால் வலிக்காமலே வேகமாக உயர்ந்துவிடுவது. நாம்சேக்கும் கோக்யோவுக்கும் நடுவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். இங்கே ஃபெரிச்சேயைப் போல வழியெங்கும் கூட்டமும் கிடையாது, ஆகவே கைடு இல்லாமல் தனியாகப் போக உகந்த பள்ளத்தாக்கு அல்ல.